கரி மேல பழி

"இது கரியா, அடுப்புல அள்ளின சாம்பலா?"

பல் டாக்டர் ஈரம் சொட்டுற வலைப்பையை ரெண்டு விரல்ல தூக்கிப் பிடிச்சுக் கேட்டார். காத்திருந்த அஞ்சு பேரும் வலியை மறந்துட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாங்க.

அங்க இருந்த கடல்மீன் தொட்டியைப் பராமரிக்க வர்றவர் ஸ்டூல்ல இருந்து இறங்கினார். அங்க அவருக்கு வச்ச பேரு மீன் டாக்டர்.

"கரிதான் சார். தண்ணியில இருக்கிற மஞ்சளையும் நாத்தத்தையும் இழுத்து வச்சுக்கும்."

"எத்தனை நாள் தாங்கணும்?"

"ஒரு மாசம்."

"பத்தே நாள்ல பாருங்க. டீ! உப்புப் போட்ட டீ! அதுல என் ரெண்டு மீனும் மிதக்குது!"

"மிதக்கல சார். நீந்துது."

"இன்னும் ஒரு வாரம் விட்டா மிதக்கும்!"

மரத்துப்போற ஊசி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தர், கோணின வாயால தீர்ப்பு சொன்னார். "மழ்ழக் கழி ழாக்டர். ஏமாத்தழான்."

"கேட்டுக்கிட்டீங்களா? மட்டக் கரியாம். உங்களுக்கு முன்னாடி இருந்தவரை ரெண்டு மாசம் முன்னாடிதான் அனுப்பினேன். இன்னிக்குள்ள தண்ணி மஞ்சளாகாம ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா நீங்களும் பெட்டியைக் கட்டலாம்."

சொல்லிட்டு, தொட்டிக்கிட்ட குனிஞ்சார். குரல் அப்படியே வெண்ணெயாயிடுச்சு. "என் செல்லங்களா... சாப்பிட்டீங்களாடா?"

நிமிர்ந்ததும் மறுபடி டாக்டர். அடுத்து உள்ள போன லாரி டிரைவரோட வாய்க்குள்ள எட்டிப் பார்த்தார். கதவு திறந்தே இருந்துச்சு.

"சிகரெட்டா?"

"எப்பவாச்சும் ஒண்ணு, ரெண்டு..."

"வாய் பொய் சொல்லும். பல்லு சொல்லாது. நான் விட்டு மூணு வருஷம் ஆச்சு. மனசு வச்சா முடியும்!"

முன் மேசையில டோக்கன் குடுக்கிற டாக்டர் மனைவி, தலையைத் தூக்காம, "அடுத்தது ஏழாம் நம்பர்" அப்படின்னாங்க.

மீன் டாக்டருக்கு அழாத குறை. இந்த வேலை போனா, "ரெண்டு மாசத்துல துரத்திட்டாங்களாமே"ன்னு அடுத்த இடத்துலயும் கதவைச் சாத்துவாங்க. உப்பு அளவு பார்த்தார். சரி. தொட்டிக்குள்ள இருந்த பாறையை மோந்து பார்த்தார். சரி.

"மேடம், தீனி ஏதாச்சும் அதிகமா போடுறீங்களா?"

"ஒரே சிட்டிகை."

அப்ப பாக்கி இருக்கிறது காத்து. காத்தடிக்கிற பம்பு டாக்டரோட ஓய்வறையில இருந்துச்சு. வெளிய வச்சா கொர்ர்ருன்னு சத்தம் போடுதுன்னு, சுவத்துல ஓட்டை போட்டுக் குழாயை மட்டும் இந்தப் பக்கம் விட்டிருந்தாங்க.

உள்ள போய் பம்பைக் கவுத்தார். காத்து உள்ள போற ஓட்டையில ஒரு ரூபா காசு அளவுக்கு ஒரு பஞ்சு வில்லை. வெள்ளையா இருக்க வேண்டியது, டீ நிறத்துல இருந்துச்சு.

மோந்து பார்த்தார். ரெண்டாம் தடவை மோக்கத் தேவையே இல்ல.

பம்புக்கு நேர் மேல ஜன்னல். ஜன்னல்ல பூந்தொட்டி. பூந்தொட்டியில செடியைவிட சாம்பல் அதிகம். டாக்டர் ஜன்னலுக்கு வெளிய ஊதுறதா நினைச்சு ஊதுறதை, பம்பு பதமா இழுத்து, குமிழி குமிழியா மீனுக்குப் பரிமாறிக்கிட்டு இருந்திருக்கு. அத்தனையையும் விழுங்கிட்டுத் திட்டும் வாங்கினது பாவம், அந்தக் கரி.

"அங்க என்ன பண்றீங்க?"

வாசல்ல டாக்டர். வாயில புதினா மிட்டாய் உருள்றது கேட்டுச்சு.

"பம்பைப் பார்த்தேன் சார்."

மிட்டாய் நின்னுடுச்சு. "பார்த்து...?"

மீன் டாக்டர் வில்லையை உள்ளங்கையில மூடிக்கிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அந்தம்மா தெரிஞ்சாங்க. ஒரு வார்த்தை சொன்னா தன் வேலை தப்பிச்சுக்கும், ஆனா இவங்க வீடு ரெண்டாகும்.

"பம்பு ஜம்முனு இருக்கு சார். கரிதான் மட்டம். என் தப்பு. இனி ரெட்டைப் பையா வைக்கிறேன்."

டாக்டர் முகத்துல ரத்தம் திரும்பி வந்துச்சு. "பரவால்லப்பா! மனுஷன்னா தப்பு பண்றதுதான். ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுதான் பெரிய மனசு" அப்படின்னு முதுகுல தட்டிட்டு, கிட்டத்தட்ட ஓடியே போனார்.

மீன் டாக்டர் மேசைக்கு வந்தார். "மேடம், பம்பை உங்க மேசைக்கு அடியில மாத்திடறேன். ரப்பர் வச்சா சத்தம் வராது. மீனுக்கும் நல்லது."

"உங்களுக்கு முன்னாடி வந்தவரும் இதையேதான் சொன்னார்" அப்படின்னாங்க அந்தம்மா. "வாய் அடங்காம, புகைதான் காரணம்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டார். அன்னிக்கே அவரை அனுப்பிட்டார். அந்த வில்லையைக் குடுங்க."

"எந்த வில்லை மேடம்?"

"கையில இருக்கிறது."

குடுத்தார். அந்தம்மா இழுப்பறையைத் திறந்து, பல்செட் வைக்கிற டப்பா ஒண்ணை எடுத்தாங்க. உள்ள வரிசையா எட்டு வில்லை. முதல் வில்லை கடுங்காப்பி நிறம். அடுத்தது காப்பி. அதுக்கடுத்தது கொஞ்சம் வெளுப்பு. கடைசியில இன்னிக்கு வில்லையை வச்சுப் பார்த்தாங்க. அது இன்னும் ஒரு படி வெளுப்பு.

"வாரா வாரம் நான்தான் மாத்துறேன். அப்பல்லாம் கரி நாலே நாள் தாங்கும். இப்பப் பத்து நாள் தாங்குது. பயப்படாதீங்க, உங்க வேலைக்கு நான் பொறுப்பு. ரெட்டைக் கரி போடுங்க, வந்து திட்டு வாங்கிட்டுப் போங்க, பம்பை மட்டும் தொடாதீங்க."

"ஏன் மேடம்?"

அந்தம்மா டப்பாவை மூடினாங்க.

"கட்டினவ மூணு வருஷமா கெஞ்சியும் விடாத மனுஷன், ரெண்டு மீனுக்காக விட்டுக்கிட்டு வர்றார். கெடுத்துடாதீங்க."