சவுரி

“பாஞ்சாலி அழுவுறா, இவனுங்க இன்னாத்துக்கு மாமா விசில் அடிக்கிறானுங்க?” என்று கனகம் ஒருமுறை கேட்டாள். கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டும் அவள் புருஷன் முனிரத்தினம், “விசில் வரலைன்னா அது இன்னா கூத்து?” என்று சிரித்தான்.

அன்றோடு அவள் கூத்துக்குப் போவதை விட்டாள். அவள் முடி மட்டும் போய்க்கொண்டிருந்தது; அவன் வைக்கும் சவுரி அவள் தலையில் உதிர்ந்த முடியைச் சேர்த்துக் கட்டியது. துச்சாதனன் அதைப் பிடித்துத்தான் சபைக்கு இழுத்து வருவான்.

சேரப்பணஞ்சேரியில் கூத்து முடிந்த காலை, வீட்டிலேயே படுத்திருந்த கனகம் தன் பின்னலை அவிழ்த்தாள். வருஷா வருஷம் போலவே உச்சந்தலை கன்றியிருந்தது. முடியில் எவனோ ஒருவனின் வியர்வையும் வெற்றிலை எச்சிலும் நாறின. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

முனிரத்தினம் அரிதாரத்தோடு வந்தான். “பக்கத்து கம்பெனில வேல செய்ற ஆளுங்க ஒன்ஸ்மோர் கேட்டானுங்க கனகம். ரெண்டு தபா இழுத்தாங்க!”

“தெரியும்” என்றாள். “என் முடிய எங்கிட்டயே குடுத்துடு மாமா.”