வாசலுக்கு நேரே ஒரு படம்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டை வாடகைக்குக் கொடுத்தபோது கனகசபை அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். என் கணவர் இறந்த பிறகும் அவர் படத்தை ஃபிரிட்ஜின் மேல்தான் சாய்த்து வைத்திருந்தேன். ஃபிரிட்ஜ் அதிரும்போதெல்லாம் அவர் குப்புற விழுவார். தூக்கி நிறுத்துவேன்.

இந்த மலைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விடலாமா, என்னையே வைத்துக்கொள்ளலாமா என்று மழைக்காலம் முழுக்க யோசித்த அண்ணன், சீசனுக்கு முன்னால் முடிவு செய்துவிட்டார். "நாள் வாடகைக்கு விட்டாத்தாம்மா கட்டுப்படியாகுது."

காலி செய்த அன்று, என் சாமான்கள் முற்றத்தில் கிடக்க, உள்ளே டிரில்லிங் மெஷின் அலறியது. மான் தலை, ஓவியங்கள், ஆளுயரக் கண்ணாடி. சுவரெல்லாம் ஓட்டை.

"ஆணியே அடிக்கக் கூடாதுன்னீங்களேண்ணே?"

"வர்றவங்க போட்டோ எடுப்பாங்கம்மா. சுவரு மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?"

நான் யாரையும் கேட்காமல் உள்ளே போய், அங்கே கிடந்த சுத்தியலை எடுத்தேன். வாசலுக்கு நேரே இருந்த சுவரில் ஆணியை அறைந்தேன். காரை பெயர்ந்து விழுந்தது. என் கணவர் படத்தை மாட்டி, சந்தன மாலையைச் சரிசெய்து, கீழே அகல் விளக்கை ஏற்றி, எண்ணெயை வழிய வழிய ஊற்றினேன்.

"என்னம்மா இது, கெஸ்ட் வர்ற நேரத்துல."

"வேணும்னா கழட்டிக்குங்க. விளக்கை மட்டும் ஊதி அணைச்சிராதீங்க."

படத்தை நோக்கி உயர்ந்த அவர் கை பாதியில் நின்றது. மறு கையில் சாவியைத் திணித்துவிட்டு வெளியே வந்தேன். கேட்டில் முதல் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.