நாலாம் நம்பர்க்காரன்

“இன்னைக்கும் அந்தக் கெழவனத்தான் மொதல்ல எறக்கியிருக்கான் பாரு,” என்று பச்சமுத்து தன் போனை ஆனந்தராஜின் கடை மேசைமேல் வைத்தார்.

வல்லத்திலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டைகளோடு செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு வந்தவர், எடை போடும்வரைகூடப் பொறுக்காமல் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த இந்தச் செல்போன் கடைக்கு ஓடி வந்திருந்தார். ஆனந்தராஜ் அவர் மகன் வெற்றிவேலோடு ஒன்றாகப் படித்தவன்.

வெற்றிவேல் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ஆபீஸ் கூட்டாளிகளோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் பேஸ்பால் லீக் நடத்துகிறான். மைதானமும் கிடையாது, பந்தும் கிடையாது. ஆளுக்கு ஓர் அணி. யார் ஆடுவது, யார் முதலில் இறங்குவது என்று தினமும் இவர்கள் சொன்னால் போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டரே ஆடி முடித்து யார் ஜெயித்தது என்று சொல்லிவிடும்.

கல்யாணமான ஆம்பிளைகள் செய்கிற வேலையா இது என்று கேட்டால் என்ன சொல்ல. அறுபதைத் தாண்டிய பச்சமுத்தும் சீசன் தொடங்கியதிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மகனைப் பார்க்க அவருக்கு வேறு வழியில்லை.

வெற்றிவேல் வீட்டில் கேட்காமல் கலைவாணியைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு, இவர் நேராக மேல்மலையனூருக்குப் போய், அங்காளம்மன் எதிரில் சூடத்தை ஏற்றி அணைத்து, இந்த ஜென்மத்தில் அவனோடு பேச மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டார். கோபத்தில் பண்ணியது. கோபம் அடுத்த அமாவாசைக்குள் ஆறிப்போயிற்று. ஆனால் அம்மன் எதிரில் அணைத்த சூடத்தோடு யாராவது விளையாடுவார்களா?

பெங்களூர் பஸ் தினமும் செஞ்சியில் நின்றுதான் போகிறது. ஏறி உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் மகன் வீடு. கண்டக்டர் ஊர்ப் பேரைக் கூவும்போதெல்லாம் பச்சமுத்துவுக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஒருநாளும் ஏறியதில்லை.

அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் ஆனந்தராஜ்தான் அந்த லீக் பக்கத்தைப் போனில் போட்டுக் கொடுத்தான். பச்சைக் கலரில் இருப்பது வெற்றிவேல் அணி. இங்கிலீஷில் எண்களைத் தவிர பச்சமுத்துவுக்கு ஒன்றும் தெரியாது. எண்களே போதுமாக இருந்தன. ஆட்டக்காரர்களின் வரிசை மாறியிருந்தால் பையன் எழுந்து நடமாடுகிறான், காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை. ஒரு வாரம் மாறாமலே கிடந்தபோது இவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அணி என்னவோ தோற்றுத் தொலைத்துக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டருக்கே அலுத்துப்போகிற அளவுக்குத் தோற்றது.

எல்லாம் அந்த நாலாம் நம்பர்ச் சட்டைக்காரனால். வயது நாற்பத்து மூன்று என்று போட்டிருந்தது, அணியிலேயே மூத்தவன். முதலில் இறங்குவான், மூன்று பந்தைக் கோட்டை விடுவான், திரும்பிப் போவான். மற்றவர்களையெல்லாம் மாற்றி மாற்றிப் போடுகிற வெற்றிவேல் இவனை மட்டும் தொடுவதே இல்லை. பச்சமுத்து அவனைத் திட்டாத நாள் கிடையாது.

இன்றைக்குப் பக்கத்தின் மேலே சிவப்பில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அது என்னவென்று கேட்கத்தான் ஓடி வந்தார்.

ஆனந்தராஜ் படித்தான். கடைசி இடத்தில் முடிக்கிற அணியை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அணியின் பக்கமும் அதோடு போய்விடுமாம்.

பச்சமுத்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். இதுவும் போய்விட்டால் அந்தப் பையன் இருக்கிறானா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வார்?

“அந்த நாலாம் நம்பர வெளிய ஒக்கார வெச்சா டீம் பொழச்சிக்கும்டா.”

“அத அவன்கிட்ட சொல்லுங்க பெரிப்பா.”

“சத்தியம் இருக்குதேடா.”

“வாயால பேச மாட்டேன்னுதான சத்தியம்? நான் டைப் பண்றேன். அம்மன் கேட்டா என்னைக் கேட்டுக்கட்டும்.”

பச்சமுத்து ரோட்டைப் பார்த்தார். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஒன்று கூட்டத்தைத் திணித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் முகத்தைக் காட்டாமல் திரும்பி உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். ஆனந்தராஜ் அவர் போனிலேயே, தமிழிலேயே அடித்தான்.

நாலாம் நம்பர் கெழவனத் தூக்கிப் போடுடா. ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன். அவனாலதான் நீ தோக்கற.

அனுப்பியாயிற்று. ஐந்து வருஷத்தில் தகப்பன் மகனுக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

“யாரு பெரிப்பா அந்த ஆளு, இந்தத் திட்டு வாங்கறான்?” ஆனந்தராஜ் சிரித்துக்கொண்டே லீக் பக்கத்தைத் திறந்தான். கிரிக்கெட்டைத் தவிர எதையும் மதிக்காதவன், இதுவரை அதில் யார் பெயரையும் படித்ததில்லை. நாலாம் நம்பர்மேல் விரலை வைத்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

“இதுல ஆளுங்களுக்கு நம்மளே பேரு வச்சிக்கலாம் பெரிப்பா. இவனுக்கு வெற்றி உங்க பேர வச்சிருக்கான். பச்சமுத்துன்னு போட்டிருக்குது.”

பச்சமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அனுப்பியதை எடுத்துவிடச் சொல்லிக் கையை ஆட்டினார். ஆனந்தராஜ் பதறிக்கொண்டு மெசேஜைத் தேடிப் போவதற்குள், வெற்றிவேல் படித்துவிட்டான் என்று அதன் ஓரத்தில் இரண்டு நீல டிக் விழுந்திருந்தன.

போன் ஒருமுறை அதிர்ந்தது. பச்சமுத்து அதைப் பிடுங்கிக்கொண்டு தானே எழுத்துக் கூட்டினார்.

“அவரு ஆடட்டும் நைனா. தோத்தா தோத்துட்டுப் போறேன்.”