பத்தாவது சொல்

"தேன்."

ஒரு விரலை மடக்கினாள்.

"ஊஞ்சல். மல்லிகை. பாயசம்."

இன்னும் மூன்று விரல்கள். திக்கல் இல்லை, திணறல் இல்லை. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள் அல்லவா. உருப்போட அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மனநலப் பிரிவின் ஆக்னஸ் மேடம். சற்று முன்தான் இருபது சொற்களை நிதானமாக வாசித்துவிட்டு, நினைவில் இருப்பதைச் சொல்லச் சொன்னார்.

போன மாதமும் இதே பரீட்சை. அன்று ஏழு நினைவிருந்தன. பழி, பிணம், இருட்டு என்று ஏழும் ஒரே ரகம். நல்ல சொற்களும் சரிபாதி இருந்தனவாம். ஒன்றுகூட அவளிடம் தங்கவில்லை.

அன்று மேடம் ஏதோ குறித்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பு என்னவோ என்று ஒரு மாதம் மறுகினாள்.

ஐந்து மாதப் பிள்ளை மணப்பாறையில் அவள் அம்மாவிடம் இருக்கிறது. ஒரு மத்தியானம் அது வீறிட்டு அழுதபோது, எழுந்து தூக்கத் தோன்றாமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மறுநாளே அம்மா வந்துவிட்டாள். "ஒனக்குச் சரியாவட்டும்டி, நானே கொண்டாந்து விடுறேன்."

இந்தப் பரீட்சையில் தேறினால் பிள்ளை வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். எந்த நல்ல சொல்லைச் சொன்னாலும் செல்லும் என்றும் நம்பிவிட்டாள்.

தேடினாள். ஒரு சொல் அகப்பட மூன்று நாள் ஆயிற்று. அகப்பட்டதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தாள்.

எழுதியது ஒன்பது. முதன்முதலில் கிடைத்ததை எழுதவில்லை. அதைக் கடைசியாகச் சொல்லிக்கொள்ளலாம். அது எங்கே மறக்கப்போகிறது?

"சிரிப்பு. கோலம். வெயில். பட்டுப்பாவாடை. திருவிழா."

இடது கையில் கட்டைவிரல் மட்டும் நின்றது.

வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

மேடம் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுகூட இன்னைக்கு நான் வாசிக்கலையேம்மா."

அவள் முகம் விழுந்துபோயிற்று.

"பரவால்ல. வாசிச்சதுல எது ஞாபகம் இருக்கு?"

கேட்ட மாத்திரத்தில் வந்தன. சாம்பல். துரோகம். அநாதை. புதைகுழி. தேடவே வேண்டியிருக்கவில்லை, தாமாக வந்து நின்றன.

அந்த ரகத்தில் எட்டு. போன மாதத்தைவிட ஒன்று கூடுதல்.

இன்னும் ஒரு மாதம் பிள்ளை வராது.

"முதல்ல சொன்னதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானாத்தான் தேடுனேன் மேடம். பத்து இருந்துச்சு. ஒண்ணு மட்டும் வர மாட்டேங்குது."

மேடம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். தேன் என்று எழுதினார். ஊஞ்சல் என்று எழுதினார். ஒன்பதையும் எழுதி முடித்தார்.

பிறகு தலை தூக்காமலே, சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"பாப்பாவுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?"

அவள் நிமிர்ந்தாள்.

உதடுகள் அந்தப் பேரைச் சொல்லின.

அவ்வளவு நேரமும் நின்றிருந்த கட்டைவிரல் மெல்ல மடங்கியது.