வெளியாள் வாசிப்பு

பேத்தியின் மணமேடையில் ஐயர் தாலியை எடுத்துவிட்டார். கெட்டிமேளத்துக்காக நான் இசைக் கீபோர்டை அழுத்தினேன். கணினியில் பதிந்து நாங்கள் காத்துவரும், மறைந்த என் அப்பாவின் நாகஸ்வர ஒலி எழவில்லை.

மருமகள் தமயந்தி ஓடி வந்தாள். "கேபிள், சேனல் எல்லாம் சரியா இருக்கு மாமா. நீங்க அழுத்துறதும் உள்ள வருது. உங்க கைதான் அதுக்கு அடையாளம் தெரியல. பக்கவாதத்துக்கு அப்புறம் விரல் மாறிடுச்சுல்ல?"

வாசிக்கும் விரல் எங்கள் குடும்பத்தாருடையது என்று கண்டால்தான் அது உடனே ஒலிக்கும்; வெளியார் எவரும் தாம் வெளியார் என்று சபையறிய ஒப்புக்கொண்ட பிறகே ஒலிக்க வேண்டும். அப்படிப் பூட்டு அமைக்கச் சொன்னவன் நானே.

"பூட்டை எடும்மா."

"அதுக்கும் உங்க பழைய கைதான் வேணும். வெளியாள்னு போடவா? ஐயர் கை அந்தரத்துல நிக்குது மாமா!"

சத்தமில்லாத சபையில் எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தாலி ஏறுவதா?

"போடு."

"வாசிப்பவர் வெளியாள்" என்று மண்டபம் முழுவதும் அறிவித்துவிட்டு, அப்பாவின் நாகஸ்வரம் முழங்கியது.