சேர்மனுக்கு முன்னால்

ஐயாவின் கார் முகப்பில் ஒரு சிவப்புப் பலகை. அதில் பூசணிக்காய் அளவில் ‘சேர்மன்’ என்று எழுதியிருந்தது. அதற்கு முன்னால் எறும்பு அளவில் ‘எக்ஸ்’.

“ஐயாவுக்குப் பதவி போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. இந்தப் பலகையில உண்மை பேசறவன் நான் ஒருத்தன்தான். என்னை ஏன்டா இத்துனூண்டு எழுதி வெச்சிருக்கீங்க?” என்று கத்தியது எக்ஸ்.

“மெதுவாப் பேசுடா, யார் காதிலாவது விழுந்துடப் போகுது!” என்று சீறியது சேர்மன்.

சாலையில் ஒரு போலீஸ்காரர் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். குனிந்து படித்தார். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

ஐயா கொதித்துப்போய் இறங்கினார். கார் சாவியால் எக்ஸைச் சுரண்டித் தள்ளினார். சிவப்புப் பெயிண்ட் பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் பல்லிளித்தது.

“அடப்பாவி! இப்போ அடுத்த தெருவுக்கே தெரியுதேடா!” என்று அலறியது சேர்மன்.