இன்னும் பெரிய ஹாரன்

ராணுவ லாரியை என் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கினான்.

“பெரியவரே, இருக்கிறதுலயே பெரிய ஏர் ஹாரனா மாட்டுங்க.”

“இப்ப இருக்கிறதே ஊரைக் கூட்டுமே?”

“பத்தலையாம். போன மாசம் பாலத்துல ஒருத்தன் அடிபட்டுச் செத்தான். விடாம ஹாரன் அடிச்சேன், திரும்பிக்கூடப் பாக்கல, திமிரு. ஹாரன்லதான் குறைன்னு விசாரணையில எழுதி என்னை விட்டுட்டாங்க.”

“பிரேக் போட்டியா தம்பி?”

“ஹாரன் அடிச்சா அவன்தானே விலகணும்?”

விசாரணை என்று எழுதுகிறவர்களை நான் என்றைக்கும் நம்பியதில்லை. புது ஹாரனை மாட்டி, காற்றுக் குழாயை இணைத்து, அழுத்திப் பார்த்தேன். தெருவே காதைப் பொத்தியது.

“இனி எவனும் சாக மாட்டான்” என்று சிரித்தான்.

பாலத்தில் செத்தவன் என் மகன். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.